ஐயுறுதலும் பழிசுமத்துதலும்

மெய்யியலைப் பாடமாக எடுத்த மாணவனுக்கு முதலாண்டில் முதன்முதலாகக் கற்பிக்கப்படுவது ஐயுறுதலே. தான் அறிந்த அனைத்தையும் ஐயத்துக்கு உட்படுத்திப் பார்த்த டெக்கார்ட்டையும், அற்புதங்களைக் கண்டதாகக் கூறுவோரின் சாட்சியத்தை நிறுத்துப்பார்த்த ஹியூமையும் பரீட்சைக்கு வேண்டிய அளவுக்கேனும் நாம் எல்லோரும் அறிவோம். ஆயின் ஓர் ஐயம் எவ்வாறு தொடங்க வேண்டும் என்று கற்ற நாம், அது எந்நிலையில் தீர வேண்டும் என்பதைப் பற்றி அவ்வளவாகச் சிந்திப்பதில்லை. இக்கட்டுரை அவ்வினாவைப் பற்றியது.

இதனை எழுதத் தூண்டியது சென்ற ஆண்டு எமது விடுதியில் ஓரிரவு நிகழ்ந்த வாக்குவாதமாகும். 2001 செப்டெம்பர் 11ஆந் திகதி நியூயோர்க் நகரின் உலக வர்த்தக மையக் கோபுரங்கள் இரண்டும் வீழ்த்தப்பட்டமை அமெரிக்க அரசே திட்டமிட்டு நடத்திய நாடகம் என்று விஞ்ஞானபீட நண்பர் ஒருவர் உறுதியாகக் கூறினார். நான் மறுத்தேன். "அரசாங்கம் சொல்வதை அப்படியே நம்புகிற நீரா மெய்யியல் படிக்கிறீர்?" என்றார் அவர். சூழ இருந்தோர் சிரித்தனர். அவருக்கு அன்று என்னால் விடையளிக்க முடியவில்லை. அந்நிகழ்வு நடந்தபோது எங்களிற் பலர் பிறந்திருக்கவுமில்லை, பிறந்திருந்தோர் கைக்குழந்தைகள். எனினும் அது இன்றுவரை எம் இளைஞரின் பேச்சில் இடம்பெறுகின்றதெனில் அதற்குக் காரணம் இருத்தல் வேண்டும்.

பத்தொன்பது பேர் நான்கு பயணிகள் விமானங்களைக் கடத்தினர். இரண்டு கோபுரங்களிலும், ஒன்று பாதுகாப்புத் திணைக்களத் தலைமையகமான பென்ரகனிலும் மோதின. நான்காவது, பயணிகள் எதிர்த்தெழுந்தமையால், பென்சில்வேனியாவின் வயல்வெளியொன்றில் வீழ்ந்தது. கடத்தியோர் நீங்கலாக மாண்டோர் 2,977 பேர். இவ்வளவும் அல்கொய்தா இயக்கத்தின் செயல் என்பது உத்தியோகபூர்வமான முடிவு. இதனை ஏற்க மறுப்போரைப் பைத்தியக்காரர் என ஒதுக்கிவிடுவது எளிது, ஆனால் நேர்மையன்று. ஏனெனில், அவர்கள் அரசை ஐயுறுவதற்கு அவ்வரசே காரணங்களை வழங்கியுள்ளது. 1964 ஓகஸ்டில் தொங்கின் வளைகுடாவில் அமெரிக்கக் கப்பல்கள் இரண்டாம் முறையும் தாக்கப்பட்டன எனக் கூறப்பட்டது. அக்கூற்றின் பேரில் வியற்னாம் போருக்குக் காங்கிரஸ் அனுமதி வழங்கியது. அத்தகைய இரண்டாம் தாக்குதல் எதுவும் நடைபெறவில்லை என்பது இன்று ஐயத்துக்கிடமற்றது. 1962இல், கியூபாமீது பழியைச் சுமத்தும்பொருட்டுப் போலித் தாக்குதல்களைத் தாமே நடத்தலாம் என்னும் திட்டத்தை அந்நாட்டின் படைத்தலைமை எழுத்தில் முன்வைத்தது. கென்னடி அரசு அதனை ஏற்கவில்லை. ஆவணம் 1997இல் வெளிவந்தது. 2003இல், இல்லாத பேரழிவு ஆயுதங்களைக் காரணங்காட்டி ஈராக்மீது படையெடுக்கப்பட்டது. இவ்வளவையும் அறிந்த ஒருவர் 2001ஐப் பற்றி வினாவெழுப்புவாராயின், வினா எழுப்பியமைக்காக அவரைக் குறைகூற எனக்கு வாய் வராது.

ஆகவே நண்பர் முன்வைத்த வாதங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். அவற்றுள் முதன்மையானது உருக்கைப் பற்றியது. விமான எரிபொருள் மண்ணெண்ணெயை ஒத்தது. அத்தீயின் வெப்பம் ஏறத்தாழ 1,000 பாகை சென்ரிகிரேட்டைத் தாண்டாது. உருக்கு உருகுவதற்கோ 1,500 பாகை அளவு வேண்டும். ஆகவே தீயினாற் கோபுரம் வீழ்ந்திருக்க முடியாது. வெடிமருந்து வைத்தே தகர்த்திருக்க வேண்டும். கேட்பதற்கு இது கணிதம் போலத் தோன்றுகின்றது. ஆனால் எங்கள் ஊர்க் கொல்லன் பட்டறையில் ஒரு மாலைப்பொழுதை நின்று கழித்தவர் எவரும் இதன் பிழையைக் காண்பர். கொல்லன் இரும்பை உருக்குவதில்லை. உலையில் வைத்துச் சிவக்கச் செய்கிறான். சிவந்த இரும்பு சம்மட்டிக்கு வளைந்துகொடுக்கிறது. உருக்கு 600 பாகையளவில் தன் வலிமையிற் பாதியை இழந்துவிடும். மேலேயிருந்த மாடிகளின் பாரத்தைத் தாங்கிநின்ற தூண்கள், விமானம் மோதியதாற் பல முறிந்து, தீக்காப்புப் பூச்சும் உதிர்ந்தநிலையில், உருகவேண்டிய தேவையே இல்லை, தளர்ந்தாற் போதும். உருகுதலுக்கும் தளர்தலுக்கும் உள்ள வேறுபாட்டை மறைத்துவிட்டால் வாதம் வென்றுவிடும். அதனை நினைத்தவுடன் வாதம் இல்லை.

இரண்டாவது வாதம் இவ்வளவு எளிதானதன்று. அதே வளாகத்தில் 47 மாடிகளைக் கொண்ட ஏழாம் இலக்கக் கட்டடத்தில் எந்த விமானமும் மோதவில்லை. இருந்தும் அன்று மாலை 5.20 மணியளவில் அதுவும் வீழ்ந்தது. வட கோபுரத்தின் இடிபாடுகளால் அதில் தீப்பற்றியது. நீர்க்குழாய்கள் உடைந்தமையால் அணைப்பதற்கு நீரின்றி ஏழு மணித்தியாலம் எரிந்தது. வெப்பத்தால் விரிந்த உத்திரங்கள் ஒரு முக்கிய தூணின் பிடிப்பை விடுவித்தன என்றும், அத்தூண் சாய ஏனையவை தொடர்ந்தன என்றும் அரசின் தர, தொழினுட்ப நிறுவகம் 2008 நவம்பரில் முடிவுசெய்தது. இவ்விடத்தில் ஒரு செய்தியைக் குறிப்பிடுதல் வேண்டும். அந்நிறுவகம் தன் வரைவறிக்கையில், கட்டடம் தங்குதடையற்ற வேகத்தில் வீழ்ந்தது என்பதை ஏற்கவில்லை. பாடசாலைப் பௌதிகவியல் ஆசிரியர் ஒருவர் ஒளிப்படக் காட்சிகளை அளந்து, ஒரு கட்டத்தில் அது அவ்வாறே வீழ்ந்தது எனக் காட்டினார். நிறுவகம் மீண்டும் அளந்தது, 2.25 வினாடிகள் அவ்வாறு வீழ்ந்தமையை இறுதியறிக்கையில் ஏற்றுக்கொண்டது. உள்ளேயிருந்த தூண்கள் முன்னரே முறிந்துவிட்டமையால் வெளிச்சுவருக்குச் சிறிதுநேரம் தாங்குதல் இல்லாமற் போயிற்று என விளக்கமும் கூறியது. அவ்வாசிரியர் இதன்பின்னும் அரச முடிவை ஏற்கவில்லை. அது வேறு. ஆனால் அவர் அளந்த அளவு சரியானது. அந்த அளவுக்கு அவர் எம் நன்றிக்குரியவர். அளந்து கேட்கப்பட்ட ஐயத்துக்கு அளந்து விடை கிடைத்தது.

என் நண்பரின் ஐயம் இவ்வகையினதா? அவருக்கு உருக்கைப் பற்றி விளக்கினேன். ஏழாம் இலக்கக் கட்டடத்துக்குச் சென்றார். அதனை விளக்கினேன், பென்ரகனுக்குச் சென்றார். அங்கிருந்து பங்குச்சந்தைக்கு. ஒரு விடையேனும் அவருடைய முடிவைச் சிறிதும் அசைக்கவில்லை. பின்னர்தான் எனக்கு ஓர் உண்மை புலப்பட்டது. அவர் ஐயுறுபவர் அல்லர், நம்புபவர். அரச அறிக்கையின் ஒவ்வொரு சொல்லையும் ஐயுற்ற அவர், தாம் கைத்தொலைபேசியிற் பார்த்த படத்தை எடுத்தவர் யார், அவருடைய தகுதி யாது என ஒருமுறைதானும் கேட்டதில்லை. ஒரு கண்ணை அகலத் திறந்து மறுகண்ணை இறுக மூடிக்கொள்வதற்கு ஐயவாதம் என்று பெயரிட முடியாது.

நியாய தரிசனத்தை வகுத்த கௌதமர் ஆராய்ச்சிக்குரிய பதினாறு பொருள்களுள் மூன்றாவதாக ஐயத்தை வைத்தார். அதே வரிசையிற் பின்னால் நிர்ணயத்தையும் வைத்தார். தூரத்தில் நிற்பது கட்டையோ மனிதனோ என ஐயுறுபவன் அருகிற் சென்று பார்க்கிறான். பார்த்தபின் ஐயம் நீங்குகின்றது. நீங்குவதற்கு ஆயத்தமாக இருப்பதே ஐயத்தின் இலக்கணம். அவ்வரிசையில் இன்னொன்றும் உண்டு, விதண்டை. தனக்கென ஒரு கொள்கையை நாட்டாது பிறர் கொள்கையை இடித்துக்கொண்டே செல்வதை அவர் அவ்வாறு அழைத்தார். "நான் ஒன்றும் சொல்லவில்லை, கேள்விதான் கேட்கிறேன்" என்போரை இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே நம்மவர் அறிந்திருந்தனர் என்பது சற்று ஆறுதல் தருவது. அரசவெடி வைத்தவர் எத்தனை பேர், பல்லாயிரம் ஊழியர் நடமாடிய கட்டடங்களில் எப்போது வைத்தனர், கால் நூற்றாண்டாக ஒருவர்தானும் ஏன் வாய்திறக்கவில்லை என்று நாம் திருப்பிக் கேட்டால் அங்கே விடை இல்லை. மற்றொரு கேள்விதான் உண்டு. ஆராயாது தெளிவதும், தெளிந்தபின் ஐயுறுவதும் ஒருசேரத் துன்பம் விளைப்பன என்று தெரிந்துதெளிதல் அதிகாரத்தை வள்ளுவர் முடித்தபோது அவர் அரசனை நோக்கியே பேசினார். எனினும் அது குடிமகனுக்கும் பொருந்தும்.

"பயன் யாருக்கு?" என்பது அவர்களுடைய இறுதி ஆயுதம். போர் தொடுக்க அமெரிக்க அரசுக்கு ஒரு சாட்டு வேண்டியிருந்தது, சாட்டுக் கிடைத்தது, ஆகவே அதுவே செய்தது. காகம் இருக்கப் பனம்பழம் விழுந்த கதையை அறிந்த எமக்கு இதன் பலவீனம் புதிதன்று. காகம் விழுத்தவில்லை, ஆனால் விழுந்த பழத்தை அது கொத்தித் தின்னக்கூடும். ஜேர்மனியப் பாராளுமன்றக் கட்டடம் 1933 பெப்ரவரி 27ஆந் திகதி எரிந்தது. மறுநாளே குடியுரிமைகள் பல ஆணையொன்றால் நிறுத்தப்பட்டன. ஹிட்லருக்கு அதனைவிடப் பெரும் பயன் எத்தீயினாலும் கிடைத்திருக்க முடியாது. கம்யூனிஸ்டுகளின் சதி என்றனர் நாசிகள். நாசிகளின் சதி என்றனர் கம்யூனிஸ்டுகள். வன் டர் லுப்பே என்னும் ஒல்லாந்த இளைஞன் தனியாகவே தீவைத்தான் என்பதே இன்று வரலாற்றாசிரியர் பெரும்பாலோரின் முடிவு. அம்முடிவால் ஹிட்லரின் குற்றம் ஓர் அணுவும் குறைந்துவிடவில்லை. தீயை மூட்டாதவனும் தீயைப் பயன்படுத்தலாம்; அதற்காக அவனைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தலாம். ஆயின் வேறு குற்றத்துக்காக நிறுத்த முடியாது.

இங்கேதான் சதிக்கொள்கையின் பெரிய தீங்கு இருப்பதாக நான் கருதுகிறேன். அது அரசைத் தாக்குவதுபோலத் தோன்றிக்கொண்டே அரசைக் காப்பாற்றுகின்றது. 2001இல் அமெரிக்க அதிகாரிகள் பொய் கூறவே இல்லையா? கூறினர். கடத்தப்பட்ட நான்காவது விமானத்தைத் தாம் கண்காணித்துச் சுட்டுவீழ்த்த ஆயத்தமாயிருந்ததாக வான்பாதுகாப்பு அதிகாரிகள் கூறினர். ஒலிப்பதிவுகளை விசாரணை ஆணைக்குழு கேட்டபோது, அவ்விமானம் கடத்தப்பட்ட செய்தியே அது வீழ்ந்த பின்னர்தான் அவர்களுக்கு எட்டியது எனத் தெரியவந்தது. அவர்கள் மறைத்தது சதியையன்று, தமது குழப்பத்தை. பின் லாடன் அமெரிக்காவினுள் தாக்க உறுதிபூண்டுள்ளார் என்னும் தலைப்பில் ஓகஸ்ட் 6ஆந் திகதி ஜனாதிபதி புஷ்ஷுக்கு ஒரு புலனாய்வுக் குறிப்பு வழங்கப்பட்டிருந்தது. கடத்தியோரில் இருவர் நாட்டினுள் நுழைந்தமையை அறிந்த புலனாய்வு நிறுவனம் அதனை உள்நாட்டுத் துப்பறிவோருக்கு உரிய காலத்தில் அறிவிக்கவில்லை. கோபுரங்கள் வீழ்ந்து ஒரு வாரத்தில், அப்பகுதிக் காற்றைச் சுவாசிப்பதால் ஆபத்தில்லை என்று சூழல் பாதுகாப்பு முகவரகம் அறிவித்தது. அவ்வாறு கூறுவதற்குப் போதிய தரவுகள் அப்போது இருக்கவில்லை என்று அதன் சொந்தக் கண்காணிப்பாளரே 2003இல் எழுதினார். அத்தூசைச் சுவாசித்து நோயுற்ற தீயணைப்பு வீரரும் துப்புரவுத் தொழிலாளரும் பல்லாயிரவர். இறுதியாக, சதாம் ஹுசைனுக்கும் இத்தாக்குதலுக்கும் தொடர்பு இருந்ததென்ற எண்ணம் நாட்டில் வளர்வதற்கு ஆட்சியாளரின் பேச்சே துணைநின்றது. 2003இல் எடுக்கப்பட்ட ஒரு கருத்துக்கணிப்பில் அமெரிக்கருள் பத்தில் ஏழுபேர் அவ்வாறான தொடர்பு இருந்திருக்கலாம் என்றனர். இதனை நான் இவ்வாறு கூறுவேன்: அத்தாக்குதலைப் பற்றிய சதிக்கொள்கைகளுள் மிகுந்த உயிர்களைக் கொன்றது வெள்ளை மாளிகையின் ஆதரவில் வளர்ந்ததே.

இவை யாவும் ஆவணங்களால் நிறுவப்பட்டவை. இவற்றைப் பற்றி என் நண்பருக்கு ஒன்றுமே தெரிந்திருக்கவில்லை. வெடிமருந்தைத் தேடியவருக்கு வெறும் அலட்சியமும் ஆணவமும் சுவையற்றவையாகத் தோன்றின போலும். ஓர் அதிகாரி பொய் கூறினார் என்பதிலிருந்து அவர் எதையோ மறைக்கிறார் என்று மட்டுமே பெறலாம். நாம் நினைப்பதையே மறைக்கிறார் என்று பெற முடியாது. கார்ல் பொப்பர் 1945இல் வெளிவந்த தமது நூலிற் சமூகத்தின் தீமைகள் யாவும் சில வல்லோரின் திட்டப்படியே நிகழ்கின்றன என்னும் கொள்கையைப் பழைய தெய்வ நம்பிக்கையின் மறுவடிவமாகக் கண்டார். தேவர்களின் இடத்தில் இரகசியக் கூட்டத்தார் அமர்ந்துவிட்டனர் என்பது அவர் கருத்து. ஆட்சியாளர் தவறே செய்யாதவர். ஆகவே நடந்தது அனைத்தும் அவர்கள் விரும்பியதே என்று நினைப்பது ஒருவகையில் அவர்களை வழிபடுவதுதான்.

நம்பிக்கை ஒருவரின் சொந்த விடயம், அதனால் யாருக்கு என்ன கேடு என்று கேட்கலாம். கிளிபர்ட் 1877இல் எழுதிய கட்டுரையில் ஒரு கப்பற் சொந்தக்காரனை உதாரணங்காட்டினார். கப்பல் பழையது என அறிந்தும், தன் ஐயத்தைத் தானே அடக்கி, அது பத்திரமாகச் செல்லும் என மனமார நம்பிப் பயணிகளை ஏற்றி அனுப்புகிறான் அவன். கப்பல் கரைசேர்ந்தாலும் அவன் குற்றவாளியே என்கிறார் கிளிபர்ட். நம்புவதற்கு அவனுக்கு உரிமை இருக்கவில்லை. சதியை நம்புவோரின் நிலை இதனினும் கடுமையானது. ஏனெனில் அவர்களின் நம்பிக்கை ஒரு பழிசுமத்தலும் ஆகும். கொலை செய்தார் என்று ஒருவரைக் கூறும் வாய்க்கு, காற்று வீசுகிறது என்று கூறும் வாய்க்கு இல்லாத கடன் உண்டு. தாக்குதல் நடந்து சில நாட்களுக்குள், நாலாயிரம் யூதர் அன்று வேலைக்குச் செல்லவில்லை என்னும் வதந்தி பரவியது. மாண்டோருள் யூதர் நூற்றுக்கணக்கில் இருந்தனர். இருந்தும் அவ்வதந்தி ஒரு கவிதையினுள்ளும் புகுந்தது. நியூ ஜேர்சி மாநிலத்தின் அரச கவிஞராக விளங்கிய அமிரி பராக்கா அதனைத் தம் கவிதையில் வினாவாக எழுப்பினார். எழுந்த கண்டனத்தின் விளைவாக 2003இல் அக்கவிஞர் பதவியே ஒழிக்கப்பட்டது. ஒடுக்கப்பட்ட மக்களுக்காக வாழ்நாள் முழுவதும் எழுதிய ஒருவர், ஒடுக்கப்பட்ட இன்னோர் இனத்தின்மீது பழிசுமத்தியதை வாசிக்கையில் இலக்கிய மாணவருக்கு வருத்தமே மிஞ்சும்.

எமது நாட்டிலும் இது நிகழ்ந்தது. 2019 ஏப்ரல் 21ஆந் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, தேவாலயங்களிலும் விடுதிகளிலும் குண்டுகள் வெடித்து 250இற்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஒரு மாதத்தின் பின், முஸ்லிம் வைத்தியர் ஒருவர் சிங்களத் தாய்மாருக்கு இரகசியமாகக் கருத்தடை செய்தார் என ஒரு நாளிதழ் எழுதியது. எத்தனை பேருக்கு? நாலாயிரம் பேருக்கு. பொய்களுக்கும் விருப்பமான எண்கள் உண்டுபோலும். வைத்தியர் கைதுசெய்யப்பட்டார்; சான்று எதுவும் இல்லை என்று சில வாரங்களில் விசாரணையாளரே நீதிமன்றுக்கு அறிவித்தனர்; அவர் மீண்டும் பணியில் அமர்த்தப்படுவதற்கு ஆண்டுகள் சென்றன. குண்டுவைத்தோரை எதிர்ப்பதாக நினைத்துக்கொண்டே அவ்வதந்தியைப் பரப்பியோர் எத்தனை பேர்!

அதே தாக்குதலைப் பற்றி வேறுவகை ஐயங்களும் உண்டு. அவற்றையும் இதே கூடையிற் போட்டுவிடலாகாது. வெளிநாட்டுப் புலனாய்வு எச்சரிக்கைகள் முன்கூட்டியே கிடைத்தும் நடவடிக்கை எடுக்கப்படவில்லை என்பது நிறுவப்பட்டது. முன்னாள் ஜனாதிபதியும் அதிகாரிகளும் நட்டஈடு செலுத்தவேண்டும் என 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதற்கு மேலும் யாரேனும் பின்னணியில் நின்றனரா என்று கத்தோலிக்கத் திருச்சபையும் உறவினரும் தொடர்ந்து கேட்டுவந்தனர். அக்கேள்வியைக் கேட்பவர் எவரையும் நான் என் விடுதி நண்பரோடு ஒப்பிடமாட்டேன். அவர்கள் கேட்பது சாட்சியை, விசாரணையை, சுதந்திரமான வழக்குத் தொடுநரை. கிடைக்கும் விடை தமக்கு உவப்பானதாக இல்லாவிடினும் அதனைக் கேட்பதற்கு அவர்கள் காத்திருக்கின்றனர்.

நியூயோர்க்கிலும் அவ்வாறே நடந்தது. விசாரணை ஆணைக்குழுவொன்றை அமைக்கப் புஷ் அரசு முதலில் விரும்பவில்லை. கணவரை இழந்த நியூ ஜேர்சிப் பெண்கள் சிலர் உறவினர் பலரையும் திரட்டி, பதாகைகளோடும் வினாப்பட்டியல்களோடும் வாஷிங்டனின் படிகளில் ஏறியிறங்கினர்; 2002 நவம்பரில் ஆணைக்குழு அமைக்கப்பட்டது. மேலே நான் கூறியவற்றுட் பல வெளிவந்தது அதன் 2004 அறிக்கையினாற்றான். சவூதி அரேபியத் தொடர்புகளைப் பற்றிக் காங்கிரஸ் விசாரணை எழுதிய 28 பக்கங்கள் மறைத்துவைக்கப்பட்டிருந்தன. குடும்பங்கள் விடாது கேட்டமையால் அவை 2016இல் வெளியிடப்பட்டன. அறிக்கையிலே குறைகள் உண்டு என்று சொன்னவர்களும் அப்பெண்களே.

அந்நகரில் மாத்திரம் மாண்டோர் 2,753 பேர். அவர்களுள் ஏறத்தாழ 1,100 பேரின் உடற்பாகங்கள் இன்னும் அடையாளங் காணப்படவில்லை. மரண விசாரணை மருத்துவ அலுவலகத்தினர் எரிந்து சிதைந்த எலும்புத்துணுக்குகளைப் பொடித்து, மரபணுக்களைப் பிரித்தெடுக்கும் புதிய முறைகள் வரும்போதெல்லாம் மறுபடியும் சோதிக்கின்றனர். 2025 ஓகஸ்டில் மேலும் மூவர் யாரெனத் தெரியவந்தது.